வயித்தைக் காட்டுறியே, காலைக் காட்டுடா பேராண்டி

வா பேராண்டி, இப்படி உக்காரு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்காதே, போற வர்ற பொம்பளைங்க உனக்கு எத்தனை மாசம்னு கேட்கப் போறாளுக.

என்ன செய்யுது? நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி. சாப்பிட்டா வலி கூடுது. வயிறு உப்பிக்கிட்டு நிக்குது. ஒரு நாள் இளகிப் போகுது, மறுநாள் இறுகிப் போகுது. வாயில எச்சில் ஊறுது, ஆனா வாந்தி வர மாட்டேங்குது. டாக்டர் யாரும் பார்க்கும் முன்னாடியே நீயே பேரும் வெச்சிட்ட, கேஸ்டிக்னு. இந்த நாட்டில கேஸ்டிக் இல்லாத மனுசன் உண்டாடா? சம்பளம் பிந்தினா கேஸ்டிக், மாமியா வந்து இறங்கினா கேஸ்டிக், பரீட்சை மறுமொழி வந்தா கேஸ்டிக். பார்மசிக்காரன் கொடுத்த வெள்ளை மருந்தைப் போத்தல் போத்தலாக் குடிச்சே. உங்கம்மா அவ பங்குக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல போய் நூல் மந்திரிச்சுக் கட்டி விட்டா. பக்கத்து வீட்டுக் கிழவி கண்ணேறுன்னு சொல்லி மிளகா சுத்திப் போட்டா. மிளகா விலை விக்கிற விலையில அதையும் செஞ்சிருக்கா, பாவம்.

இத்தனை பேர் பார்த்தாங்களே, ஒரு ஆளாவது உன் காலைப் பார்த்தாங்களா?

நான் பார்த்தேன். தீபாவளி லீவுக்கு நீ கொழும்பில இருந்து வந்தப்போ நம்ம உக்குவளையில நல்ல மழை. வெறுங்காலோட மண்ணை மிதிச்சா உடம்புக்கு நல்லதுன்னு போன்ல எவனோ சொன்னானாம். கொழும்பில காசு கொடுத்து வாங்கின செருப்பைத் திண்ணையில ஏத்தி வெச்சிட்டு, மிளகுக்கொடி நட குழி வெட்டப் போனே. எங்க வெட்டினே? லயத்துக்குப் பின்னால, கக்கூசுக் குழி நிரம்பி வழியுதே, அதுக்கு நேர் கீழே. முருங்கை நிழல், ஈரம், மக்கின இலை. ரெண்டாம் நாள் கால்விரல் இடுக்கைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தே, சின்னச் சின்னக் கொப்புளம். சேத்துப்புண்ணுன்னு சொல்லி ஒரு களிம்பு வாங்கினே. அடுத்த கிழமை வரட்டு இருமல். கண்டிப் பனின்னு சொல்லி ஒரு பாணி மருந்து வாங்கினே. ஒரு மாசம் கழிச்சு வயிறு. அதுக்கு அந்த வெள்ளை மருந்து. ஒரே வருத்தத்துக்கு மூணு பேர் வெச்சு, மூணு மருந்து வாங்கின ஒரே ஆளு நம்ம லயத்தில நீதான். பார்மசிக்காரன் வீட்டில இந்நேரம் மாடி எழும்பியிருக்கும்.

சிரிக்காதே. நான் தோட்டத்து டிஸ்பென்சரியில போத்தல் கழுவினவன். டாக்டர் ஐயா சொல்றது எல்லாம் என் காதில விழும். அவர் சொல்லாதது எல்லாம் கண்ணில விழும். அந்த ரெண்டையும் வெச்சுச் சொல்றேன், கேளு.

உனக்கு வந்திருக்கிறது கொக்கிப் புழுவா இருக்கும்னுதான் எனக்குப் படுது. மலத்தோட முட்டையா மண்ணில விழும். நிழலும் ஈரமும் சூடும் சேர்ந்தா ஒரு கிழமை, பத்து நாளில கண்ணுக்குத் தெரியாத குட்டியா நெளியும். ஈரப் புல்லு நுனி வரைக்கும் ஏறிக் காத்துக்கிட்டு இருக்கும். வெறுங்கால் வந்திச்சா, விரல் இடுக்கு மெல்லிசுத் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். அந்தச் சொறி அதுதான். ரத்தத்தோட போய் நெஞ்சைத் தொட்டு, நுரையீரலுக்கு ஏறும். அங்க இருந்து மூச்சுக்குழாய் வழியாத் தொண்டைக்கு வரும். அந்த இருமல் அதுதான். நீ காறித் துப்பாம மரியாதையா முழுங்கினியே, அப்பத்தான் அது வயித்துக்கு இறங்கி, சிறுகுடல்ல போய் உக்காந்திச்சு. கால்ல இருந்து வயித்துக்கு வர இத்தனை சுத்து. நம்ம தோட்டத்து ரோட்டை விட மோசம்.

இந்தக் கதையைக் கண்டுபிடிச்சதே ஒரு கை தவறினதாலதான். ஆர்தர் லூஸ்னு ஒரு ஜெர்மன்காரர், எகிப்தில கெய்ரோவில வாத்தியார். புழுக் குட்டி நெளியிற தண்ணியை கினிப் பன்றி வாயில விடும்போது ஒரு துளி தன் கையில கொட்டிக்கிட்டார். இடம் சிவந்து சொறிஞ்சது. வேற ஆளா இருந்தாத் துடைச்சுக்கிட்டுப் போயிருப்பான். இவர் மாசக் கணக்கில தன் மலத்தைத் தானே பார்த்துக்கிட்டு இருந்தார், புழு முட்டை வந்திச்சு. 1898ல அதை எழுதினார். வாய் வழியாத்தான் வரும்னு சத்தியம் பண்ணின பெரிய பெரிய டாக்டர் எல்லாம் லேசில நம்பலை. அதே மனுசன் 1911ல இன்னொரு கொக்கிப் புழுவுக்குப் பேர் வெச்சார். நம்ம இலங்கையில பிடிச்ச மரநாயோட குடல்ல இருந்து எடுத்தது. ராத்திரி பலாப்பழத்தைக் கடிச்சுப் போட்டுட்டுக் கூரை மேல ஓடுதே, அந்த மரநாய்தான். பேர் 'அன்கைலொஸ்டோமா சிலானிக்கம்'. உலகத்துப் புத்தகத்தில சிலோன் பேரை ஏத்தினது தேயிலை மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தியா? இந்தச் சாதி நாய், பூனை வயித்திலயும் இருக்கும், மனுசன் வயித்திலயும் இருக்கும். தென்கிழக்காசியப் பக்கம் இப்ப நிறைய ஆளுகளுக்கு இதுதான் இருக்குன்னு சொல்றாங்க. அதனால லயத்து நாயைக் கொஞ்சும்போது அது மண்ணில எங்க குந்திச்சுன்னும் பார்த்துக்கோ.

சரி, உள்ளே போய் உக்காந்த புழு என்ன செய்யும்? வீட்டோட மாப்பிள்ளை செய்யிறதைத்தான் செய்யும். ஒரு சென்றிமீட்டர்தான் நீளம், ஆனா வாய் சின்னதில்லை. குடல் சுவரைக் கவ்விப் பிடிக்கும். ரத்தம் உறையாம இருக்கத் தன் எச்சில்லயே மருந்து வெச்சிருக்கும். ஒரு இடம் சலிச்சா விட்டுட்டு அடுத்த இடத்தைக் கடிக்கும், விட்ட இடம் கசிஞ்சுக்கிட்டே கிடக்கும். மூணு வருசம், அஞ்சு வருசம்னு இருக்கும். வேலைக்குப் போகாது. பொட்டை ஒண்ணு ஒரு நாளைக்கு அஞ்சாயிரம், பத்தாயிரம் முட்டை போடும். ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளுக்குள்ளயே குஞ்சு பொரிச்சுப் பெருகாது. முட்டை வெளியே மண்ணுக்குப் போய்த்தான் குட்டியாகணும். உன் வயித்தில எத்தனை இருக்கோ, அத்தனையும் உன் கால் வழியா வந்ததுதான். வேற யாரையும் குத்தம் சொல்லாதே.

இப்ப வலிக்கு வருவோம். நீ கேட்க வந்தது அதுதானே.

வலிக்கிறது புழு கடிச்சதால மட்டும் இல்லை. கடிச்சது அது, சண்டைக்கு எழும்பினது உன் உடம்பு. அந்நிய ஆளு உள்ளே வந்திட்டான்னு தெரிஞ்சதும், இயோசினோபில்னு ஒரு வகை வெள்ளையணு கும்பல் கும்பலாக் குடல் சுவருக்கு ஓடும். சுவர் சிவந்து தடிக்கும், வீங்கும். அந்த அழற்சி மேல சோறும் சம்பலும் உரசிக்கிட்டுப் போனா வலிக்காம என்ன செய்யும்? அதான் சாப்பிட்டாக் கூடுது. அதான் உப்புது, இளகுது. கால்ல ஏறி ஒரு மாசம், ஒன்றரை மாசத்தில இது உச்சத்துக்கு வரும். அல்சர்னு நினைச்சுக் குழாய் விட்டுப் பார்க்கப் போய், குழாய் நுனியில புழு நெளியிறதைப் பார்த்துத் திகைச்ச டாக்டர்மார் உண்டு.

இதில ஒரு வேடிக்கை கேளு. முதல் தடவை வர்றப்போதான் இந்த ஆட்டம். திரும்பத் திரும்ப வந்திச்சுன்னா உடம்பு அடங்கிப் போகும். புழுவும் சும்மா இல்லை, சண்டையை அமத்துறதுக்கு ஏதேதோ கக்கிக்கிட்டே இருக்கும். அப்ப வலி குறையும், ரத்தம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். கொழும்புக் காலுக்குப் பழக்கமில்லை, அதனால நீ துடிக்கிறே. உங்க பெரியம்மா வருசக் கணக்கா இந்த மண்ணில நிக்கிறவ, வயிறு வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்லை. ஆனா அவ கண் இமையைக் கீழே இழுத்துப் பாரு. வெளிறிப் போய்க் கிடக்கு. மலை ஏறினா மூச்சு வாங்குது. பச்சை அரிசியை மடியில கட்டிக்கிட்டு மெல்லுறா, சுவத்து மண்ணைச் சுரண்டி வாயில போடுறா. பொல்லாத பழக்கம்னு எல்லாரும் திட்டுறாங்க. இரும்புச்சத்து வத்தினவ அப்படித்தான் செய்வா. உனக்கு வலிக்குது, ஊரைக் கூட்டுறே. அவளுக்கு வலிக்கலை, அதனால ஒருத்தரும் பார்க்கலை. ரெண்டு பேரில யாருக்கு வருத்தம் பெரிசு, நீயே சொல்லு.

கணக்கும் சொல்றேன். நம்ம பக்கம் கூடுதலா இருக்கிற சாதி, ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லிலீட்டர் ரத்தம் எடுக்கும். சே, இவ்வளவுதானான்னு கேட்பே. நூறு புழு இருந்தா நாளைக்கு 3 மில்லிலீட்டர், மாசத்துக்கு 90. கொழுந்து எடுக்கிற பொம்பளைக்கு மாசாமாசம் போறது வேற, புள்ளை பெத்தப்போ போனது வேற. தின்றதோ ரொட்டியும் சம்பலும். அதையும் தின்ன கையோட ஒரு பிளேன்டீ, சோத்தில இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடம்பு எடுக்க விடாம அது மறிச்சிடும். நாம பறிக்கிற இலை நமக்கே செய்யிற உபகாரம்.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, இங்க மாத்தளையிலயே நடந்தது. 1916ல அமெரிக்காவில இருந்து றொக்பெல்லர்னு ஒரு பெரும் பணக்காரரோட காசு வந்திச்சு. ஸ்னொட்கிராஸ்னு ஒரு டாக்டர் தலைமையில ஆளுக வந்து மாத்தளைத் தோட்டங்கள்லதான் இலங்கையில முதல் முதலா கொக்கிப் புழு ஒழிக்கிற வேலையைத் தொடங்கினாங்க. லயம் லயமா ஆளுகளை எண்ணி, மலம் வாங்கி, கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல புழு. அப்ப இந்தக் காலத்துக் குளிசை கிடையாது. செனப்போடியம்னு ஒரு செடியோட எண்ணெய். பேதி உப்பும் சேர்த்துக் கொடுப்பாங்க. தலை சுத்தும், காது இரையும், வாந்தி வரும். இன்னைக்கு ஒரு குளிசை கசக்குதுன்னு முகத்தைச் சுளிக்கிறியே, அந்த எண்ணெயில ஒரு கரண்டி உனக்கு ஊத்தணும்டா.

மருந்து கொடுத்தாங்க, புழு விழுந்திச்சு, கொஞ்ச நாள்ல திரும்ப ஏறிச்சு. ஏன்னா மண்ணு அதே மண்ணு. வந்த டாக்டர்மார் தொரைமாரைக் கேட்டாங்க, கக்கூசு கட்டுங்கன்னு. தொரைமாருக்கு மருந்து பிடிச்சிருந்திச்சு, கக்கூசு பிடிக்கலை. மருந்தைக் குடிச்சவன் மறுநாள் பிரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் கொடுக்க, வருவான், கொழுந்து கூடும். கக்கூசுன்னா கல்லு, சீமேந்து, காசு. கட்டினாலும் கூலிங்க பாவிக்க மாட்டாங்கன்னு ஒரு நியாயம் வேற. தாங்க பாவிக்கிறதைக் கூலிங்களுக்குக் காட்டியிருந்தாத்தானே தெரியும்.

அந்தக் காலத்தில நம்மாளுகளுக்கு ஒரு பேர் இருந்திச்சு, சோம்பேறிக் கூலி. தொரை கடுதாசில அப்படி எழுதுவார், கங்காணி பிரம்பில எழுதுவார். ரத்தமில்லாதவன் மலையில பாதியில குந்தினான்னா அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். நம்மளைத்தான் அப்படிச் சொன்னாங்கன்னு வருத்தப்படாதே. அமெரிக்காவில தெற்குப் பக்கம் ஏழை வெள்ளைக்காரனையும் அப்படித்தான் சொன்னாங்க. சார்ல்ஸ் ஸ்டைல்ஸ்னு ஒருத்தர் 1902ல அங்கயும் இந்தப் புழுதான்னு சொன்னப்போ, பத்திரிகைக்காரங்க 'சோம்பேறிக் கிருமி'ன்னு தலைப்புப் போட்டுச் சிரிச்சாங்க. அதுக்கும் முந்தி, 1880ல, சுவிஸ் நாட்டில கொத்தார்ட் மலையைக் குடைஞ்ச இத்தாலிக்காரக் கூலிங்க வெளிறி வெளிறி விழுந்தாங்க. டூரின் நகரத்தில பெரோன்சிட்டோன்னு ஒருத்தர் சோதிச்சுப் பார்த்தார், இதே புழு. சூடு, ஈரம், உள்ளே கக்கூசு இல்லை. புழு தோல் நிறம் பார்க்கிறதில்லை, அது ஒண்ணுதான் அதுகிட்ட நான் கண்ட நியாயம்.

இப்ப இதைக் கேட்டா நீ விழுந்து விழுந்து சிரிப்பே. இங்கிலாந்தில நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில டேவிட் பிரிச்சார்ட்னு ஒரு புரொபசர். 2004ல அம்பது புழுக் குட்டியைத் துணியில வெச்சுத் தன் கையில தானே கட்டிக்கிட்டார். இந்தப் புழு உடம்புச் சண்டையை அமத்துதே, அதை வெச்சு ஆஸ்துமா, ஒவ்வாமைக்கு ஒரு வழி பிறக்குமான்னு பார்க்க. தன்னோட இன்னும் கொஞ்சப் பேரைச் சேர்த்து ஆளுக்குப் பத்து, இருபத்தஞ்சு, அம்பது, நூறுன்னு விட்டாங்க. கூட ஏத்திக்கிட்டவங்களுக்கு உன்னை விட மோசமா வயித்து வலி. பத்து ஏத்தினாத் தாங்கலாம்னு முடிவு பண்ணினாங்க. அவுஸ்திரேலியாவில கோதுமை ஒத்துக்காத குடல்காரங்களுக்கும் இதே புழுவை விட்டுப் பார்த்திருக்காங்க. என் பேத்தி போன்ல வாசிச்சுக் காட்டினப்போ எனக்கு மூச்சே நின்னு போச்சு. நாம நூறு வருசமா இலவசமா வளர்த்ததை அங்க அளந்து எண்ணி ஏத்துறாங்க! உடனே நீ இதுவும் நல்லதுதான்னு கிளம்பிடாதே. அவங்களுக்கு எத்தனை ஏறிச்சுன்னு கணக்கு இருக்கு, வேணாம்னா அடுத்த நாளே குளிசை இருக்கு, மூணு வேளை இறைச்சி இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு, அந்த வெள்ளை மருந்துப் போத்தல்.

அவுஸ்திரேலியாவிலயே இன்னொரு கதை. டவுன்ஸ்வில்னு ஒரு வெக்கை ஊரில 1990 வாக்கில ஆளுகளுக்கு இழுத்துப் பிடிச்ச வயித்து வலி. அப்பென்டிக்ஸ்னு நினைச்சுச் சில பேர் வயித்தையே திறந்தாங்க. குடல் வீங்கித் தடிச்சுக் கிடந்திச்சு, உள்ளே ஒரே ஒரு நாய்க் கொக்கிப் புழு. அது மனுசன் வயித்தில முட்டை போடாது, மலத்தில தேடினாக் கிடைக்காது. ஒத்தைப் புழுவுக்கு அத்தனை ஆட்டம். நான் ஏன் இதைச் சொல்றேன்னா, நீ போய் மலம் கொடுத்து 'ஒண்ணுமில்லை'ன்னு சீட்டு வந்ததும் தாத்தனைத் திட்டாதே. உன் புழு முட்டை போடத் தொடங்க ஆறு, எட்டுக் கிழமை ஆகும், வலி அதுக்கு முந்தியே வந்திடும். ரத்தத்தில இயோசினோபில் கூடியிருக்கான்னு டாக்டரைக் கேளு. ரெண்டு மூணு தடவை மலம் பார்க்கச் சொல்லு.

இருந்திச்சுன்னா மருந்து சின்னது. நம்ம நாட்டில மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஒரே தடவை. வேற இடத்தில அல்பெண்டசோல் 400. சில பேருக்குத் திரும்பவும் கொடுப்பாங்க. ரத்தம் குறைஞ்சவளுக்கு இரும்புக் குளிசை மாசக் கணக்கில, அதைப் பிளேன்டீயோட முழுங்கினா வீண், தேசிக்காய்த் தண்ணியோட முழுங்கட்டும். புள்ளத்தாச்சிக்கு முதல் மூணு மாசம் போன பிறகு கிளினிக்கிலயே மிட்வைப் அம்மா கொடுப்பா, நீயா வாங்கிக் கொடுக்காதே. பாகல் சாறும் வேப்பங்கொழுந்தும் வாய்க்குக் கசக்கும், கொக்கிப் புழுவுக்குக் கசக்காது. மலம் தார் நிறத்தில கறுப்பாப் போனாலோ, உடம்பு மெலிஞ்சுக்கிட்டே போனாலோ, மயக்கம் போட்டாலோ அதைப் புழுவுன்னு நான் சொன்னதா நினைச்சுக்கிட்டு வீட்டில படுத்துக் கிடக்காதே. அது வேற ஏதாவதா இருக்கலாம், நேரா மாத்தளை ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்துக் கொடுத்து இப்ப நாடு முழுக்கப் பார்த்தா நூத்துக்கு ஒரு பிள்ளைக்கிட்டத்தான் மண்ணால வர்ற குடல்புழு வருத்தம்னு 2017ல எடுத்த கணக்கு சொல்லுது. தோட்டப் பக்கம் அதை விடக் கூடத்தான். நல்ல செய்தி, வேணாம்னு சொல்லலை. ஆனா குளிசை பிள்ளைக்குப் போகுது, பள்ளிக்கூடம் போகாத உங்க பெரியம்மாவுக்குப் போகலை. லயத்துக் கக்கூசுக்கும் போகலை. ஆறு வீட்டுக்கு ஒரு குழி, அதுக்கும் கதவு இல்லை, மழைக்கு நிரம்பி உன் மிளகுக் குழிக்கு வருது. 1916ல கேட்ட கேள்வியைத்தான் இன்னைக்கும் கேட்கிறோம், பதில் சொல்ற வாய் மட்டும் மாறியிருக்கு. அப்ப தொரை, இப்ப கம்பெனி.

அதனால நாளைக்குக் காலையில செருப்பைப் போட்டுக்கிட்டு, ஆஸ்பத்திரியில மலம் கொடுக்க மூடி இருக்கிற டப்பி ரெண்டு எடுத்துக்கோ. ஒண்ணுல உன் பேர், இன்னொண்ணுல உங்க பெரியம்மா பேர், மாத்தி எழுதிடாதே. கையோட உக்குவளை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்கும் போய், இந்த லயத்துக் குழி நிரம்பி வழியுது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பார்க்கணும்னு எழுத்தில கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டு வா.